ஒரு கேஸ் குறைகிறது

நாலு மணிக்கு அறை விளக்கைப் போட்டால்
அவர் புரண்டு முனகுவார்.
அடுப்படி வெளிச்சத்தில் பையைத் திறக்கிறேன்.
வருடத்துக்கு ஒருமுறை வரும் சுடும் நாள்.

தொப்பி. அடையாள அட்டை.
முழங்கைக்குக் கீழே விரிக்கப் பழைய துண்டு;
போன வருடம் ஜல்லி தோலைத் தின்று
பத்து நாள் கரண்டி பிடிக்க முடியவில்லை.
காதுக்குப் பஞ்சு,
கார்த்திகைக்குத் திரித்ததில் மிச்சம்.
புளிச்சோறு. உப்பு மிளகாய் தூவிய மாங்காய்க் கீற்று.
தண்ணீர் இரண்டு பாட்டில்:
ரேஞ்சில் குழாய் உண்டு,
குழாயில் காற்றும் உண்டு.
நாப்கின் இரண்டு. தேதி இன்னும் மூன்று நாள் தள்ளி,
ஆனால் தேதி யார் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது?

கடைசியாக அது.
காவேரிப்பட்டணம் சந்தையில் நூற்றிருபது ரூபாய்,
கறுப்பு ஃபிரேம், பிளஸ் ஒன்றரை.
இரண்டு வருடமாகத் துப்பாக்கியின் முன்குறி எனக்கு
மழையில் நனைந்த பென்சில் கோடு.
வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான்.
ஆனாலும் திம்மராயன் ஐயா ஒருமுறை
“கண்ணு போச்சாம்மா?” என்று கேட்டுவிட்டால்
ஓய்வு பெறும்வரை வரவேற்பு மேசைதான்.
கண்ணாடிக் கூட்டைக் காக்கி சாக்ஸில் திணித்து,
சாக்ஸைச் சுருட்டி,
பையின் அடியில் புதைத்தேன்.

வேனில் எல்லோரும் தூங்கினார்கள்.
மாங்கூழ் ஆலை தாண்டும்போது மட்டும்
எல்லா மூக்கும் விழித்துக்கொண்டது.

பாறைமேல் பாறை ஏறி உட்கார்ந்த குன்று.
அதன் அடியில் மண்மேடு, அட்டை மனிதர்கள்.
“பையெல்லாம் புங்கமரத்தடியில வை!”
பைக்கும் எனக்கும் நாற்பதடி.
பத்து ரவுண்டு, நனைந்த பென்சில் கோட்டை நம்பி.
நாலு பட்டது.
ஆறும் கிருஷ்ணகிரியின் பாறைக்குள் போனது.
பாறை எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெற்றுத் தோட்டாக்களை எண்ணினார்கள்.
இருபத்துநாலு பேர், இருநூற்று நாற்பது வர வேண்டும்.
இருநூற்று முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினார்கள். முப்பத்தொன்பதே.
“ஒரு கேஸ் குறையுது,” என்றார் திம்மராயன் ஐயா.
ஸ்டேஷனில் கேஸ் குறைந்தால் அவர் முகம் மலரும்.

ஜல்லியில் முட்டிபோட்டுத் தேடினோம்.
என் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது.
அதையும் யாரும் கண்டெடுக்கவில்லை.
வெயில் உச்சிக்கு வந்ததும் சொன்னார்:
“பைங்களக் கொட்டு.”

தார்ப்பாயில் கொட்டினோம்.
ரெஜினாவின் தாய்ப்பால் பீய்ச்சும் கருவி.
நாகவேணியின் குரூப் டூ வழிகாட்டி,
அட்டைக்குச் சாமி காலண்டர் போட்டு மறைத்தது.
ஏட்டு சென்னகிருஷ்ணனிடம்
மை தடவிய எலுமிச்சை ஒன்று;
யாருக்கு வைக்க என்று யாரும் கேட்கவில்லை.
நாங்கள் எல்லோரும் குன்றைப் பார்த்தோம்.
அவ்வளவு அக்கறையாய்
அந்தக் குன்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
நடுவில் சுருட்டிச் சுருட்டி
ஒரே அரசாங்கம் கொடுத்த ஒரே காக்கி சாக்ஸ்கள்.

வியர்வை துடைக்க ஐயா கையைத் தூக்கினார்.
மடித்துவிட்ட அவர் சட்டைக் கையிலிருந்து
பித்தளைத் துண்டு ஒன்று விழுந்து
பாட்டில் மூடியில் பட்டு
டிங் என்றது.

“ஏத்துங்க வண்டியில,” என்றார்.
சுங்கச்சாவடி தாண்டும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு டிரைவர் சிரித்தார்.
பிறகு வேனே குலுங்கியது.

ராத்திரி பையைப் பிரிக்கிறேன்.
துண்டில் செம்மண், டப்பாவில் புளி வாசம்,
சாக்ஸுக்குள் கூடு,
கூட்டுக்குள் பழுப்பு ஃபிரேம்.
என்னுடையது கறுப்பு.

காதுப்பிடியில் ஒரு நூல் சுற்றியிருக்கிறது,
உடைந்ததை ஒட்டவைத்த கவனம் தெரிகிறது.
இருபத்துமூன்று முகங்களையும்
ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன்.
நாளை ரோல் காலில் ஒருவர்
டூட்டித் தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடிப்பார்,
அல்லது என்னைப்போலவே
மனப்பாடம் செய்ததைப் படிப்பதாக நடிப்பார்.

மாட்டிப் பார்த்தேன். பிளஸ் இரண்டு இருக்கும்.
சட்டையை மடியில் போட்டு,
டப்பாவில் தேடி ஒரு பொத்தான் எடுத்து,
ஊசியைத் தூக்கிப் பிடித்தேன்.
முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது.